வஞ்சிரம் கேட்டோம், கேரை வந்தது

வடசென்னையில், கல்மண்டபத்திலிருந்து காசிமேட்டுப் பக்கம் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருக்கிற மீன் சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பு அது. ஆனால் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே நடந்ததைச் சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை. வஞ்சிரம் என்று சொல்லி வேறு மீனைப் போட்டார்கள். அதுவும் எப்போதோ பொரித்து வைத்ததை மறுபடி எண்ணெயில் முக்கி எடுத்துத் தந்தார்கள். கேட்டதற்கு ஒழுங்கான பதில் இல்லை. நான்கு பெரியவர்களும் ஒரு குழந்தையும் சாப்பிட்டு எழுந்ததற்கு வந்த பில் 1,848 ரூபாய்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய் வரலாம் என்கிற தூரத்தில் இருக்கிற கடை இது. அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை.

இதே கடைக்கு நானே நிறையப் பேரை அனுப்பியிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் மாத்திரை வாங்கும்போது, "ஏம்மா, இங்க நல்ல மீன் சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்பார்கள். யோசிக்காமல் இந்தக் கடையைத்தான் சொல்வேன். அப்போது ஒரே ஓர் அறை, நான்கு மேசை. கடைக்கார அக்கா அடுப்பில் நிற்பார், அவர் வீட்டுக்காரர் கல்லாவில் இருப்பார். வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைக்கு என்ன மீன் வந்ததோ அதைச் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள்: சங்கரா, காரப்பொடி, கானாங்கெளுத்தி, சில நாள் கடம்பா. வஞ்சிரம் இருந்தால் எழுதுவார்கள், இல்லாவிட்டால் அந்த வரியே இருக்காது. ஒரு மீன் தீர்ந்துபோனால் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். ஒன்றரை மணிக்கு மேல் போனால் பலகையில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். யாரும் கோபித்துக்கொண்டு பார்த்ததில்லை.

இப்போது பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஏசி போட்டிருக்கிறார்கள். பலகை போய், படம் போட்ட பளபளப்பான மெனு கார்டு வந்திருக்கிறது. அதில் வஞ்சிரம், வவ்வால், கொடுவா, இறால், நண்டு என்று எல்லாமே வருஷம் முழுக்கக் கிடைப்பதுபோல அச்சடித்திருக்கிறார்கள். எல்லாக் கோளாறும் இங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அச்சடித்துவிட்டால் தினமும் கொடுத்தாக வேண்டும். கடல் அப்படித் தினமும் கொடுக்காது.

ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் நாத்தனார், ஒன்பது வயது மகளோடு வந்திருந்தாள். பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்பதால், ஊருக்கு வந்தால் கடல் மீன் சாப்பிடாமல் திரும்ப மாட்டாள். "அண்ணி, வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டே ஆகணும்" என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட்டாள். மாமியாருக்கு முட்டிவலி. அவரைச் சமையலறையில் நிற்க வைக்க வேண்டாம் என்றுதான் கடைக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்காரரும் வந்தார்.

ஒன்றே முக்கால் மணிக்கு உட்கார்ந்தோம். சாப்பாடு வந்தபோது இரண்டரை. கூட்டம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பாதி மேசை காலியாகத்தான் இருந்தது. கல்லாவை ஒட்டி ஒரு நீளப் பலகையில் ஆப் ஆர்டர் பைகள் வரிசையாக இருந்தன. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து தம்பிகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். சமையலறையிலிருந்து வருவதெல்லாம் நேராக அந்தப் பலகைக்குத்தான் போனது. உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. குழந்தை பசிக்கிறது என்று இரண்டு முறை சொன்ன பிறகு அப்பளம் மட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். ஜக்கில் தண்ணீர் கேட்டதற்குப் பாட்டில் தண்ணீரைத் திறந்து வைத்துவிட்டுப் போனார் பரிமாறிய தம்பி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு அறைக்கும் அவர் ஒருவர்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் இலை. வாழை இலை இல்லை. இலை மாதிரியே பச்சை நிறத்தில் அச்சடித்த, பிளாஸ்டிக் பூசிய தாளைத் தட்டின் மேல் விரித்தார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் சேர்த்தி. அதன் மேல்தான் ஆவி பறக்கிற சோற்றையும் கொதிக்கிற குழம்பையும் ஊற்றினார்கள். ஓரத்தில் பச்சை மை லேசாகக் கசிந்து சோற்றில் பட்டிருந்தது. அந்த இடத்துச் சோற்றை மாமியார் விரலால் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

குழம்பு. வடசென்னை மீன் குழம்புக்குப் புளியும் தக்காளியும் மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் சரியாக விழுந்தாலே போதும், மாங்காய்க் காலத்தில் இரண்டு துண்டு மாங்காய் போட்டால் கேட்கவே வேண்டாம். அந்த அக்கா வைக்கும் குழம்பில் மேலே எண்ணெய் பிரிந்து ஒரு விளிம்பு நிற்கும், அதைப் பார்த்தாலே பதம் தெரிந்துவிடும். இப்போது வந்தது கெட்டியாக, ஒரே கலராக, எண்ணெய் பிரியாமல், மாவு கரைத்து விட்டதுபோல் இருந்தது. புளிப்பு மட்டும் தூக்கலாக இருந்தது. மீன் வெந்த குழம்பின் ருசி அதில் இல்லவே இல்லை. மீனைத் தனியாக வேக வைத்துப் பரிமாறும்போது குழம்பில் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு வந்த வால் துண்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே வெளேரென்று இருந்தது, உப்புகூட ஏறவில்லை.

சரி, வறுவலுக்கு வருகிறேன். ஒரு துண்டு 280 ரூபாய். மூன்று துண்டு சொல்லியிருந்தோம்.

தட்டில் வரும்போதே நிறம் கண்ணைக் குத்தியது. மிளகாய் தரும் சிவப்பு எண்ணெயில் வறுபட்டால் பழுப்புப் பக்கம் போகும். இது வறுத்த பிறகும் செக்கச்செவேலென்று நின்றது. தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவின பிறகும் நகக்கண்ணில் சாயம் போகவில்லை. வறுத்த மீனில் செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதியே கிடையாது. மேலே மசாலா ஓடாக இறுகி, விரலால் நெம்பினால் அப்படியே தனியாகக் கழன்று வந்தது. ஓரம் சூடு, நடுமுள்ளை ஒட்டிய சதை சில்லென்று இருந்தது. ஒரு தடவை பொரித்து வைத்ததை மறுபடி எண்ணெயில் போட்டால் இப்படித்தான் ஆகும், மேலே காயும், உள்ளே ஏறாது. மெல்லும்போது பஞ்சை மெல்லுகிற மாதிரி இருந்தது.

ஓட்டை எடுத்துவிட்டுச் சதையைப் பார்த்தேன். நடுமுள்ளைச் சுற்றி நான்கு பக்கமும் அடர்ந்த பழுப்புச் சிவப்பில் சதை. அதற்கு வெளியே இருந்ததும் வெள்ளை இல்லை, சாம்பல் பூத்த பழுப்பு. மாமியார் என் தட்டை ஒரு பார்வை பார்த்தார், தன் துண்டைப் பிட்டு வாயில் போட்டார், கையை எடுத்துவிட்டார்.

"இது வஞ்சிரம் இல்லம்மா. கேரை."

அவர் காசிமேட்டுப் பெண். அவர் அப்பா கட்டுமரத்தில் போனவர். மீன் விஷயத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வஞ்சிரத்தைக் குறுக்கே வெட்டினால் சதை வெளுப்பாக, அடுக்கடுக்காக வரும். கருஞ்சதை இருக்கும், ஆனால் தோலை ஒட்டிப் பக்கவாட்டில் மெல்லிசாக ஒரு கீற்றுதான். கேரை, சூரை இரண்டுமே சூரை இனம், ஆங்கிலத்தில் டூனா என்பது. அவற்றில் கருஞ்சதை முள் வரைக்கும் உள்ளே இறங்கியிருக்கும். வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் நாள்களில்கூட கேரை அதில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். கேரை மோசமான மீன் என்று சொல்ல வரவில்லை. மிளகு தூக்கலாகப் போட்டுப் புட்டு செய்தால் எங்கள் வீட்டில் சட்டி காலியாகிவிடும். கேரை என்று சொல்லி, கேரை விலைக்குக் கொடுத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. நாத்தனார் மகள் நான்கைந்து வாய் சாப்பிட்டதும், "அத்தை, நாக்கு சுருசுருன்னு இருக்கு" என்றாள். காரமா என்று கேட்டேன். இல்லை, வேற மாதிரி இருக்கு என்றாள். தட்டை உடனே எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றி லேசாகச் சிவந்தது. வீட்டுக்குப் போய்ச் சாயங்காலத்துக்குள் தானாகவே சரியாகிவிட்டது. எதனால் வந்தது என்று சோதனை செய்யாமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் வேலையில் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். சூரை, கேரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களைப் பிடித்ததிலிருந்து ஐஸிலேயே வைக்காவிட்டால், அவற்றின் சதையில் இருக்கிற ஹிஸ்டிடின் என்கிற புரதக் கூற்றைக் கிருமிகள், அலர்ஜி மாதிரியான தொல்லை தருகிற ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த ஹிஸ்டமின் வேக வைத்தாலும் பொரித்தாலும் போகாது. மீன் நாற்றமடிக்க வேண்டும் என்பதும் இல்லை. நாக்கில் குறுகுறுப்பு, முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி, வயிற்றைப் புரட்டுவது எல்லாம் சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நமக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பல சமயம் மீன் மேல் தப்பில்லை, அதை வைத்திருந்த விதத்தில்தான் தப்பு.

கல்லாவுக்குப் போனேன். அந்த அக்காவின் வீட்டுக்காரர், பழைய அண்ணன்தான் இருந்தார். என்னைத் தெரியும் அவருக்கு.

"அண்ணா, வஞ்சிரம்னு போட்டிருக்கீங்க, இது கேரையாச்சே?"

"இல்லக்கா, வஞ்சிரம்தான். சின்ன சைஸு, அதான் உங்களுக்கு அப்படித் தெரியுது."

"அத்தை சாப்பிட்டுப் பார்த்துட்டாங்கண்ணா. அவங்களைத்தான் உங்களுக்கே தெரியுமே."

மாமியார் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் ஒரே ஜாதி மீன்தான்க்கா. மசாலா போட்டுட்டா என்னா வித்தியாசம் தெரியப் போவுது? வஞ்சிரம் என்ன வெலை விக்குது சொல்லுங்க" என்றார்.

விலை எனக்கும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017க்கு முன்னால் அது 45 நாளாக இருந்தது. அந்த இரண்டு மாதமும் பைபர் படகுகள் கொண்டுவருவதும், வெளி மாநிலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வருவதும்தான் மீன். அப்போது இந்தப் பதில் வந்திருந்தால்கூட அவர் கஷ்டம் புரிகிறது என்று இருந்திருப்பேன். ஆனால் நாங்கள் போனது ஆடியில். விசைப்படகுகள் போய்த் திரும்பி, காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நிற்கவும் இடமில்லாத காலம். சங்கராவும் காரப்பொடியும் கூடை கூடையாக வந்து இறங்குகிற காலம். "இன்னைக்கு வஞ்சிரம் இல்லக்கா, சங்கரா நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சங்கராவை வாங்கி நிறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்போம். ஈரோட்டிலிருந்து வந்தவளுக்கும் அதில் ஒரு குறையும் இருந்திருக்காது.

குழந்தைக்கு நாக்கு குறுகுறுத்ததைச் சொன்னபோது மட்டும் அண்ணன் முகம் மாறியது. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று எழுந்து வந்து பார்த்தார். அந்த அக்கறை உண்மை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே கல்லாப் பலகையில் இருந்து அதே வறுவல் வைத்த பைகள் அப்போதும் போய்க்கொண்டிருந்தன. அதை நிறுத்தவில்லை. பார்சலைப் பிரிக்கிறவர் பக்கத்தில் காசிமேட்டு மாமியார் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அது என்ன மீன் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பில்லைப் பார்த்தது என் வீட்டுக்காரர். தண்டையார்பேட்டையில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு பார்க்கிறார், பில்லைப் படிக்காமல் மடிக்க மாட்டார். சாப்பாடு நாலுக்கு 600, வறுவல் 840, நெத்திலி 120, சுறாப்புட்டு 160, தண்ணீர் பாட்டில் இரண்டுக்கு 40. அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று 88 ரூபாய். ஆனால் பில்லில் ஜிஎஸ்டி எண் எங்குமே இல்லை. வரி வாங்குகிற கடை தன் 15 இலக்க எண்ணைப் பில்லில் போட்டாக வேண்டும். காம்போசிஷன் என்கிற, சின்னக் கடைகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கிற ஓட்டல் என்றால், அந்த 5 சதவீதத்தைக் கடைக்காரர் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், சாப்பிட வந்தவரிடம் வாங்கக் கூடாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் எண் இல்லாத பில்லில் வரி இருக்கக் கூடாது. கேட்டதும் அந்த 88 ரூபாயை மட்டும் பேசாமல் கழித்துக் கொடுத்தார்கள். கேட்காதவர்களிடம் வாங்கியது என்ன ஆகிறது என்று அவர் கேட்டார், அதற்குப் பதில் வரவில்லை.

நன்றாக இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். நெத்திலி வறுவல் அருமை. அன்றைக்குக் காலையில் வந்த நெத்திலி என்று கடித்ததும் தெரிந்தது. தலை கிள்ளி, குடல் எடுத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் மட்டும் பிரட்டி, மொறுமொறுவென்று இருந்தது. சாயம் இல்லை. குழந்தையைத் தொட விடவில்லை, நாங்கள் பெரியவர்கள் முடித்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. நெத்திலியை யாரும் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற மாட்டார்கள். விலை குறைவு, அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கே தீர்த்துவிடுவார்கள். காசிமேட்டு மீன் என்றாலே அன்றைக்குப் பிடித்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதும் சரியில்லை. விசைப்படகு ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலேகூட ஆகும். முதல் நாள் பிடித்த பெரிய மீன் அத்தனை நாளும் ஐஸில் கிடந்துதான் கரைக்கு வரும். ஒழுங்காக ஐஸ் போட்டிருந்தால் அதிலும் தப்பில்லை. ஆனால் ராத்திரி போய் விடிகாலையில் திரும்புகிற பைபர் படகின் சின்ன மீனுக்கு ருசியே தனி. ஊருக்குள் இதை எல்லோரும் அறிவார்கள். சுறாப்புட்டும் சுமாருக்கு மேல், பூண்டு மட்டும் குறைச்சல். ரசம் அந்த அக்கா கைப்பக்குவம்தான், மாறவில்லை. இரண்டாவது சோறு முழுக்க ரசத்திலேயே முடித்தோம்.

கைகழுவப் போகும்போது சமையலறைக் கதவு திறந்திருந்தது. அந்த அக்கா உள்ளே இருந்தார். இப்போது அடுப்பில் நிற்கவில்லை, பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் வேறு ஒருவர். பெரிய வாணலியில் எண்ணெய் கறுத்து, ஓரத்தில் நுரை கட்டிப் பொங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் கெட்டுப்போவதால் அதில் சேரும் துருவக் கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை ஊற்றிவிட வேண்டும் என்பது 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற விதி. கண்ணால் பார்த்துச் சதவீதம் சொல்ல முடியாது. ஆனால் அந்த நுரையும் கறுப்பும் புகையும் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். பக்கத்திலேயே பெரிய தட்டில் வறுத்த துண்டுகள் மூடாமல் அடுக்கியிருந்தன. எங்களுக்கு வந்தது அதிலிருந்துதான்.

அந்த அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசினேன். குறை சொல்லவில்லை, ரசம் நல்லாருந்ததுக்கா என்றேன். "ரசம் மட்டும் நான் வக்கிறேன்மா" என்றார். அதற்கு மேல் அவரைச் சங்கடப்படுத்த எனக்குப் பிடிக்கவில்லை.

இனி மருந்துக் கடைக்கு வந்து கேட்பவர்களை இங்கே அனுப்ப மாட்டேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில் புகார் அனுப்ப வசதி இருக்கிறது. கடையில் மாட்டியிருக்க வேண்டிய 14 இலக்க உரிம எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் ஆய்வுக்கு வருவார்கள். நான் அதைச் செய்யுமுன், சாயமும் பழைய எண்ணெயும் மாறுகிறதா என்று அண்ணனிடம் நேரில் ஒரு முறை பேசிப் பார்க்கப் போகிறேன். பழகின கடை என்பதற்காக அந்த ஒரு வாய்ப்பு. பார்சல் வாங்கிச் சாப்பிட்டு யாருக்காவது வாயில் குறுகுறுப்போ முகச் சிவப்போ வந்திருந்தால், எனக்காகக் காத்திருக்காமல் நேராகத் துறைக்கே எழுதிவிடுங்கள்.

அதுவரைக்கும் அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், பன்னிரண்டரைக்குள் போங்கள், நெத்திலியும் ரசமும் சொல்லுங்கள். துண்டு மீன் எது கேட்டாலும் வறுக்கும் முன் பச்சையாகக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம். நாத்தனாருக்கு மறுநாள் விடிகாலை நானே துறைமுகத்தில் போய் வஞ்சிரம் வாங்கி, அங்கேயே அரிவாள்மனைக்காரம்மாவிடம் துண்டு போட்டு வாங்கி வந்தேன். மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து மசாலா பிரட்டினார், வறுத்தது நாத்தனார். குழந்தைக்கு வாயில் ஒன்றும் செய்யவில்லை, இரண்டு துண்டு சாப்பிட்டாள்.